நோய் வந்தால் பழி யார் மேல்?

இன்று கொஞ்சம் வரலாறு.

கொரோனா காலத்தில் அமெரிக்காவில் வாழும் சீனப் பெண்கள் பட்ட அவமானங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது 2020-இல் திடீரென்று முளைத்த வெறுப்பு அல்ல.

1875-இல் அங்கே பேஜ் சட்டம் வந்தது. பாலியல் தொழிலுக்காகப் பெண்களை அழைத்துவருவதைத் தடுக்கிறோம் என்றார்கள். நடைமுறையில் கப்பலேற வந்த சீனப் பெண்கள் எல்லோருமே சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். ஒழுக்கம் கெட்டவர்கள், நோய் பரப்புகிறவர்கள் என்ற பழி அப்போதே அவர்கள் மேல் விழுந்துவிட்டது. கணவனிடம் போய்ச் சேர நினைத்த மனைவிமாருக்கும் கதவு அடைபட்டது. சீனத் தொழிலாளர்களைத் தடுக்கும் சட்டம் ஏழு ஆண்டு கழித்து, 1882-இல்தான் வந்தது. முதலில் தடுக்கப்பட்டவர்கள் பெண்கள்.

1900 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக். சீனர் ஒருவர் இறந்ததும் சைனா டவுனைச் சுற்றிக் கயிறு கட்டிக் காவல் போட்டார்கள். வெள்ளையர் வெளியே போகலாம், சீனர் போகக் கூடாது. சில நாளில் விலக்கிக்கொண்டு, மே மாதம் மறுபடி அடைத்தார்கள். எல்லைக்கோடு வெள்ளையர் கட்டடங்களை விட்டுவிட்டு வளைந்து சென்றது. ஜூ ஹோ என்ற மளிகைக் கடைக்காரர் வழக்குப் போட்டார். இது சீனர்களை மட்டும் குறிவைக்கிறது, செல்லாது என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி நம் காலம். நாட்டின் அதிபரே "சீன வைரஸ்" என்று சொன்னார். 2020 மார்ச் 19 முதல் 2021 பிப்ரவரி முடிய, ஆசிய வம்சாவளியினரிடமிருந்து 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' அமைப்புக்கு வந்த புகார்கள் 3,795. அவற்றில் 68 சதவீதம் பெண்கள் கொடுத்தவை. இனவாரியாகப் பார்த்தால் சீனர்களே அதிகம். பெரும்பாலும் வசைச் சொற்கள். அடுத்தபடி, கண்டதும் விலகிப் போவது.

2021 மார்ச்சில் அதே சான் பிரான்சிஸ்கோ தெருவில், எழுபது வயது தாண்டிய சீனப் பாட்டி ஒருவரை ஒருவன் முகத்தில் குத்தினான். பாட்டி கையில் கிடைத்த கட்டையால் திருப்பி அடித்தார். அவர் சிகிச்சைக்காக ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. இனவெறியை எதிர்க்கும் பணிக்கே அதைக் கொடுத்துவிடச் சொன்னார்.

அமெரிக்காவைக் குறை சொல்லிவிட்டு நாம் தூங்கிவிட முடியாது. அதே 2020-இல் டெல்லியில் மணிப்பூர்ப் பெண்ணின் முகத்தில் எச்சில் துப்பி "கொரோனா" என்றவன் நம் நாட்டான்.

உங்களில் பலர் வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறீர்கள். இந்தக் கதையை வீட்டில் சொல்லுங்கள். நாளை வேறொரு நோய் வரும். அன்றைக்கு யாரையோ கைகாட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் நிற்கக் கூடாது.