கொலு பொம்மைக் கடைக்கு பேட்டரி லைட்: எதை வாங்கலாம்? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு இதுதான்!

நவராத்திரி நெருங்கினாலே மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் களைகட்டும். ஆபீஸ் முடித்து வர்றவங்க, கோயிலுக்கு வர்றவங்க என கூட்டம் சேர்வதே மாலை 6 மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் லைட் அணைந்தால் அன்றைய வியாபாரமே போச்சு. மின் இணைப்பு இல்லாத சாலையோரக் கடைகளுக்கு பேட்டரிதான் கைகொடுக்கும். ஆனால் எந்த பேட்டரி, எவ்வளவு பெரியது?

முதலில் கணக்கு

பல்பின் வாட் அளவை, எரியும் மணி நேரத்தால் பெருக்குங்க. 9 வாட் எல்இடி பல்பு மூன்று என்றால் 27 வாட். மாலை 5.30 முதல் இரவு 10.30 வரை 5 மணி நேரம். ஆக, தேவை 135 வாட் ஹவர். கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஹவர்.

பேட்டரியில் எவ்வளவு இருக்கு? அதன் வோல்ட்டையும் ஏஎச் எண்ணையும் பெருக்கினால் தெரியும். 12 வோல்ட், 26 ஏஎச் என்றால் 312 வாட் ஹவர். ஆனால் அது முழுசும் உங்களுக்குக் கிடைக்காது.

லெட் ஆசிட்டா, லித்தியமா?

லெட் ஆசிட்: விலை குறைவு, எடை அதிகம். தினமும் பாதிக்கு மேல் சார்ஜை இறக்கினால் சீக்கிரம் ஆயுள் போய்விடும். அதனால் 312-ல் பாதி, அதாவது 156 வாட் ஹவர்தான் கணக்கு. சீசன் முடிந்து சும்மா கிடக்கும் மாதங்களிலும் அவ்வப்போது சார்ஜ் போடணும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்: விலை அதிகம். ஆனால் 80 சதவீதம் வரை தாராளமா பயன்படுத்தலாம். 12 வோல்ட், 18 ஏஎச் பேட்டரியிலேயே சுமார் 170 வாட் ஹவர் கிடைக்கும். எடை குறைவு, ஆயுள் பல மடங்கு. வருஷம் முழுக்க கண்காட்சி, திருவிழா என்று கடை போடுபவர்களுக்கு இதுதான் லாபம்.

பழைய கார் பேட்டரி வேண்டாம். அது வண்டியை ஸ்டார்ட் செய்ய மட்டுமே. மணிக்கணக்கில் லைட் எரிக்க அல்ல.

இன்வெர்ட்டர் தேவையா?

வீட்டு பல்பு 230 வோல்ட்டில் எரிவது. அதற்கு இன்வெர்ட்டர் வேணும். அதிலேயே 10 முதல் 15 சதவீதம் வரை சக்தி வீணாகும். 12 வோல்ட் டிசி எல்இடி பல்பை நேரடியாக பேட்டரியில் இணைக்கலாம். மேலே சொன்ன 26 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி, நேரடி இணைப்பில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இன்வெர்ட்டர் வழியாக என்றால் 5 மணி நேரம்கூட சந்தேகம்தான்.

பவர் பேங்க் போதுமா?

20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கை 3.7 வோல்ட்டில் கணக்கிடணும். அதாவது 74 வாட் ஹவர். இழப்பு போக கையில் கிடைப்பது இதைவிடக் குறைவுதான். 5 வாட் யுஎஸ்பி பல்பு இரண்டு, நாலு மணி நேரம் எரியும். ஒரே ஒரு மேஜை போட்டு விற்பவர்களுக்கு இது போதும்.

நிறம் முக்கியம்

மலிவான பல்பில் பொம்மையின் சிவப்பு மங்கித் தெரியும். பெட்டியில் சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்க.

இதையெல்லாம் மறக்காதீங்க

* பேட்டரியின் பிளஸ் முனை அருகே ஃபியூஸ் கட்டாயம். பொம்மைகளைச் சுற்றி வைக்கோலும் பேப்பரும் இருக்கும். ஒரு தீப்பொறி போதும்.
* லித்தியம் பேட்டரிக்கு அதற்கான சார்ஜர் மட்டுமே. உப்பிப்போன பேட்டரியைத் தொடவே வேண்டாம்.
* இது மழைக் காலம். பேட்டரியை தரையில் வைக்காமல் பெட்டி மேல் ஏற்றி, காற்றோட்டம் விட்டு மூடுங்க.
* தெருவிளக்கு கம்பத்தில் கொக்கி போடுவது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135-ன்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து.

கடைசியாக ஒன்று. கடை போடும் முன் ஒரு நாள் வீட்டிலேயே எல்லா லைட்டையும் எரியவிட்டு, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பாருங்க. உங்க தேவையைவிட ஒரு மணி நேரம் கூடுதலா எரிந்தால், தைரியமா கடையை விரிக்கலாம்!