வேஷம் கலைத்த விதங்கள்

தமிழ் நாடகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்த ஆசிரியர்கள், வேஷம் போடுவதைப் பற்றி விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்களேயன்றி, ஆட்டம் முடிந்து பொழுது புலரும் வேளையில் அந்த வேஷத்தைக் கலைப்பதென்னும் காரியத்தை, அது சரீரத்துக்கு முன்னதைக் காட்டிலும் அதிக சிரமம் தருவதாயிருந்தும், பெரும்பாலும் கவனியாமலே கடந்து போயிருக்கிறார்கள்.

இவ்விஷயத்தை ஆராய்வதற்குக் கோலார் தங்கவயலைச் சார்ந்த ராபர்ட்சன்பேட்டையைப் போலப் பொருத்தமான ஊர் வேறு எனக்குத் தோன்றவில்லை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைக் கைக்கொண்டது முதலாக, வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து திரளாக வந்து இப்பிரதேசத்தில் குடியேறிய தமிழ்த் தொழிலாளரிற் பலர், தெருக்கூத்து செழித்தோங்கிய சீமையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடமோ, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,800 அடி உயரத்திலுள்ள வறண்ட பீடபூமி. மார்கழி, தை மாதங்களில் உதட்டையும் கன்னத்தையும் வெடிக்கச் செய்யும் குளிர்காற்றும், தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட மண் குன்றுகளாகிய சயனைடு மேடுகளிலிருந்து கிளம்பும் புழுதியும், உப்பும் கடுமையும் மிகுந்த கிணற்று நீரும் ஒருங்கே கூடிய ஸ்தலம். பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய்வழியாகத் தண்ணீர் கொண்டுவர நேர்ந்ததிலிருந்தே, நல்ல நீர் அங்கே எத்துணை அருமையான வஸ்துவாக இருந்தது என்பது விளங்கும். இத்தகைய பூமியில், முகத்தில் பூசியதைச் சருமம் நோகாமல் அகற்றுவதென்பது அலங்காரப் பிரியர்களின் கவலை மாத்திரமன்று.

கூத்தாடியின் முகப்பூச்சு எவற்றால் ஆனது என்று அறிந்தால்தான், அதைக் கலைக்கும் முறையின் நியாயம் புலப்படும். வெண்மைக்கு முத்துவெள்ளை, மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் செந்தூரம், கறுப்புக்கு விளக்குக் கரி. இவை யாவும் பொடிகள். பொடி முகத்தில் பற்றிக்கொள்வதற்காகத் தேங்காயெண்ணெயிற் குழைக்கப்பட்டவை. இவற்றுள் அரிதாரம் என்பது பாஷாணமும் கந்தகமும் கூடிய தாதுவாதலால், அதை இரவெல்லாம் முகத்தில் தாங்கியிருந்தவன் விடிந்ததும் முற்றிலும் நீக்கியாக வேண்டியது அழகுக்காக அல்ல, ஆரோக்கியத்துக்காகவே. வெறுந்தண்ணீர் எண்ணெய்ப் பூச்சின்மேல் ஒட்டாமல் வழிந்தோடும். ஆகையினால் உள்ளங்கையில் மீண்டும் தேங்காயெண்ணெயை ஊற்றி முகமெங்கும் தேய்த்து, பூச்சு இளகிக் குழம்பானபின் பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுத்து, எஞ்சிய பிசுக்கைப் பயற்றமாவு கொண்டு போக்கினார்கள். எண்ணெயை எண்ணெயாலேயே கரைக்கும் இந்த உபாயத்தை அவர்களுக்கு எந்த ரஸாயன சாஸ்திரியும் வந்து கற்பிக்கவில்லை.

மேனாட்டாரும் இதே வழியில்தான் சென்றார்கள். 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் செய்த கேலன் என்னும் கிரேக்கர் வகுத்ததாகப் பெயர்பெற்ற களிம்பு, ஆலிவ் எண்ணெயையும் தேன்மெழுகையும் பன்னீரையும் சேர்த்து உண்டாக்கியது. கோல்ட் கிரீம் என்று பிற்காலத்தார் விற்றதற்கு மூலம் அதுவே. 1873-இல் பெர்லின் நகரத்தில் லுட்விக் லைக்னர் என்னும் பாடகர், ஈயம் கலவாத கொழுப்புச் சாயக் குச்சிகளைச் செய்யத் தொடங்கியபின், அவற்றை அழிப்பதற்கும் நடிகர்கள் இக்களிம்பையே நாடினார்கள். நம் தேசத்திலோ, நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் ஏற்படுத்திய பாலர் சபையைப் போன்ற கம்பெனிகளிலே, மீசை அரும்பாத பிள்ளைகள் இரவுக்கிரவு சாயம் பூசிக்கொண்ட நிலையை நினைக்குந்தோறும், எண்ணெயென்னும் எளிய பதார்த்தம் எத்தனை இளஞ்சருமங்களைக் காத்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

கெடுதல் வந்தது சவர்க்காரத்தினால். மனிதச் சருமம் இயல்பிலே சிறிது அமிலத் தன்மை உடையது; சவர்க்காரமோ காரமானது. அது சாயத்தோடு சருமத்தின் சொந்த எண்ணெயையும் வாரிக்கொண்டு போய்விடும். கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு கலந்தாலோ திரிந்து, பிசுபிசுப்பான வெண்படலமாய் முகத்திலேயே தங்கிவிடும். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இந்தத் தோஷத்துக்கு அவ்வளவாக ஆளாவதில்லை. கண்ணில் பட்டால் எரியும் என்பதொன்றே சீயக்காயின்மேல் நாம் சொல்லத்தக்க குற்றம்.

இக்காலத்துக் கடைகளில் மைசெல்லர் வாட்டர் என்று விற்கப்படும் திரவத்தின் பூர்வோத்தரம் இங்கேதான் தொடங்குகிறது. நுரைக்கும் வஸ்துக்களின் நுண்துகள்கள் நீரில் குறித்த அளவுக்குமேல் சேர்ந்தால், நீரை விரும்பும் தலை வெளியேயும் எண்ணெயை விரும்பும் வால் உள்ளேயுமாகத் திரண்டு சிறு உருண்டைகளாகும் என்பதை, மக்பெயின் என்னும் ரஸாயன நிபுணர் 1913-ஆம் ஆண்டையொட்டி எடுத்துரைத்தார். அவ்வுருண்டைகளுக்கே மைசெல் என்று பெயர். பூந்திக்கொட்டை ஊறிய நீரிலும் அவை உண்டு. இத்தத்துவத்தைக் கொண்டு, காரமில்லாத மென்மையான பொருள்களால் முகம் துடைக்கும் நீரைச் செய்து 1990-களில் பிரான்சு தேசத்துப் பயோடெர்மா கம்பெனி விற்கத் தொடங்க, பிறகு கார்னியே முதலானோரும் பின்தொடர்ந்தார்கள். பஞ்சில் நனைத்து ஒற்றினால், எண்ணெய்ப் பசையும் மையும் அவ்வுருண்டைகளின் உள்ளே புகுந்து பஞ்சோடு வந்துவிடுகின்றன. கிணற்று நீரின் கடுமை இதைத் தீண்டாதாகையால், ராபர்ட்சன்பேட்டை போன்ற ஊருக்கு இது உசிதமானதே.

ஆயினும் எல்லாப் புட்டிகளும் சமமல்ல. வறண்ட சருமத்தார் வாசனையும் ஆல்கஹாலும் சேராததாய், கிளிசரின் கலந்ததாய்ப் பார்த்து வாங்குவது நலம். நீரில் கரையாத கண்மைக்கு, எண்ணெயும் நீருமாக இரண்டடுக்காய் நிற்கும் வகையைக் குலுக்கி உபயோகிக்கலாம். கழுவ வேண்டியதில்லை என்ற விளம்பர வாக்கியத்தை மாத்திரம் நான் ஒப்புக்கொள்ளேன். அந்த நுரைப்பொருள் இரவு முழுவதும் முகத்தில் தங்குவது வறண்ட சருமத்துக்கு நன்மையன்று. துடைத்தபின் வெந்நீரல்லாத நல்ல நீரால் ஒருமுறை அலம்பி, ஈரம் காயுமுன் ஏதேனும் ஒரு களிம்பைத் தடவிக்கொள்ள வேண்டும். அன்றாடப் பவுடருக்கும் மைக்கும் இந்தப் புதிய நீர் போதும். மேடையேறுவோரின் கனத்த பூச்சுக்கு மாத்திரம், தேங்காயெண்ணெயே இன்றும் முதல் மருந்து.