மட்டாஞ்சேரியிலிருந்து அயோவா வரை: ஒரு பல் டாக்டரின் கொசுவத்தி

போன வாரம் மட்டாஞ்சேரியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். பி.டி.எஸ். கடைசி வருஷம். "மாமா, அமெரிக்காவுக்கு அப்ளை பண்ணட்டுமா? அப்பா வீட்டை அடகு வைக்கிறேங்கிறார்" என்றாள். சட்டென்று பதில் வரவில்லை. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

எல்லை தாண்டுறது எங்க ஊருக்குப் புதுசு இல்லை. மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவுடையது. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷ்காரனுடையது, மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லாவில் சேர்த்தி. திருவனந்தபுரம் இன்னொரு ராஜ்யம். 1949-ல்தான் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. பண்டகசாலையில் கணக்கெழுத நெல்லைச் சீமையிலிருந்து வந்த எங்க தாத்தா, சாயங்காலம் காலாற நடந்தாலே ரெண்டு சர்க்காரைப் பார்த்துவிட்டு வருவார்!

அந்தக் காலத்தில் பல் டாக்டருக்குப் படிக்க இந்தியாவில் கல்லூரியே கிடையாது. ரஃபியுதீன் அகமது என்பவர் அமெரிக்கா போய், 1915-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். பாஸ்டனில் சில காலம் வேலை. திரும்பி வந்து 1920-ல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்தார். காசுக்கு என்ன செய்தார் தெரியுமா? 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை போட்டார். இனிப்பு சோடா விற்ற காசில் பல் வைத்தியம்! ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா படித்தது அங்கேதான்.

பிறகு 1930-களில் பம்பாய், லாகூர். 1947-ல் கோடு கிழித்ததும் லாகூர் கல்லூரி ஒரே ராத்திரியில் வெளிநாடாகிப் போனது. எங்க பக்கத்துக்கு 1953-ல் சென்னை, 1959-ல் திருவனந்தபுரம்.

அகமதுவின் அமெரிக்கப் பட்டம் இங்கே ஒரு கல்லூரியையே கட்டியது. நம்ம பட்டம் அந்தப் பக்கம் போனால் கதை வேறு. தேசியத் தேர்வு எழுதி, மறுபடி ரெண்டு மூணு வருஷம் அங்கேயே படித்தால்தான் பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ். கனடாவில் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறவும் வழி உண்டு. பிரிட்டனில் 2007 முதல் ஓ.ஆர்.இ. தேர்வு.

என் கதை? ஒரு கல்லூரியில் பிளாஸ்டிக் பல்லில் கிரவுனுக்கு வெட்டச் சொன்னார்கள். ஊரில் எத்தனையோ நிஜப் பல் பார்த்த கை, அன்றைக்குப் பார்த்து நடுங்கியது. பக்கத்துப் பல்லையும் உரசிவிட்டேன். அந்த வருஷம் போச்சு.

"பட்டம் கைக்கு வரட்டும். முதல்ல ஐ.என்.பி.டி.இ. பாஸ் பண்ணு. கனடாவையும் விசாரி. வீட்டுப் பத்திரத்தை அப்புறம் பேசலாம்" என்றேன்.

"நீங்க மட்டும் அடகு வைக்காமலா போனீங்க, மாமா?"

வைத்துத்தான் வந்தேன். அந்த வீட்டை மீட்க ஒன்பது வருஷம் ஆனது. மீட்டபோது பார்க்க அப்பா இல்லை. அதையும் அவளிடம் சொன்னேன்.