துறவி செய்த பெட்டி

ஆசையாக வாங்கிய சின்னத் தொலைநோக்கி பரணுக்குப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் கண்ணாடி இல்லை, கால்தான். கூடவே வரும் ஒல்லி முக்காலி கை பட்டாலும் ஆடும், காற்றடித்தாலும் ஆடும். 100 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்த ஆட்டமும் 100 மடங்காகத் தெரியும். இந்தத் தொல்லைக்கு ஒரு மரப்பெட்டி போதும் என்று காட்டியவர் ஜான் டாப்சன். அவர் அதைக் காட்டத் தொடங்கியது ஒரு மடத்தில் இருந்தபோது.

1915இல் பீஜிங்கில் பிறந்து, கலிஃபோர்னியாவில் வேதியியல் படித்த டாப்சன், 1944இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாகச் சேர்ந்தார். ராமகிருஷ்ணர் மரபில் வந்த மடம் அது. திருப்பராய்த்துறைத் தபோவனத்தைப் பார்த்த திருச்சிக்காரர்களுக்கு அந்த வாழ்க்கைமுறை புதிதல்ல. வேதாந்தத்தையும் அறிவியலையும் பொருத்திப் பார்ப்பது டாப்சனுக்கு இட்ட பணி. பிரபஞ்சத்தைப் பற்றிச் சிந்திக்கச் சொன்னால், அதைக் கண்ணால் பார்க்கத் தோன்றாதா? பணம் இல்லை. கப்பல் ஜன்னலின் தடித்த வட்டக் கண்ணாடியைத் தேய்த்தே 12 அங்குலக் குழியாடி செய்தார். அட்டைக் குழாயும் பழைய மரத்துண்டுகளும் மிச்சத்துக்கு உதவின. அதில் நிலாவைப் பார்த்ததும், இதை எல்லோரும் பார்த்தாக வேண்டும் என்ற வேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. சாக்ரமெண்டோ மடத்துக்கு மாற்றிய பிறகு, தொலைநோக்கிக்குச் சக்கரம் கட்டித் தெருவில் தள்ளிக்கொண்டு போய் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார். 1967இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மறு வருஷமே சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் வழிப்போக்கர்களுக்கு வானம் காட்டும் குழு பிறந்தது.

அவ்வளவு கனமான குழாயைத் தாங்கப் பல்சக்கரம் வைத்த இரும்புத் தாங்கி அவர் கைக்கு எட்டாது. அதனால் வந்தது அந்தப் பெட்டி. தரையில் ஒரு பலகை. அதன்மேல் நடுவில் ஒரே போல்ட்டில் சுழலும், மேலே திறந்த பெட்டி. குழாயின் இரு பக்கமும் ஒட்டிய வட்டத் துண்டுகள் பெட்டியின் பக்கப் பலகைகளில் உட்காரும். பெட்டி திரும்பினால் இடம் வலம், வட்டத் துண்டு உருண்டால் மேல் கீழ். அவ்வளவுதான் தாங்கி. பீரங்கியை நூற்றாண்டுகளாக இப்படித்தானே நிறுத்தினார்கள் என்று சொல்லி, காப்புரிமைகூட வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஒரு முடிவுக்காகவே அவரை வணங்கலாம்.

சூட்சுமம் உராய்வில் இருக்கிறது. பலகையின்மேல் சன்மைக்கா ஒட்டி, பெட்டியின் அடியில் மூன்று டெஃப்லான் வில்லைகள் வைத்தால், அசைக்கத் தேவைப்படும் விசையும் அசைந்துகொண்டே இருக்கத் தேவைப்படும் விசையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும், வெட்டி இழுக்காது. பால்பேரிங் போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று ஆசாரி சொல்வார். கேட்கக் கூடாது. அது வழுக்கிக்கொண்டே போகும்.

114 மி.மீ. ஆடிக்கு 160 மி.மீ. பிவிசி பைப், 12 மி.மீ. ப்ளைவுட், வட்டத் துண்டுக்கு பிவிசி மூடி போதும். முக்கியமானது எடைச் சமநிலை. ஆடி, கண்ணருகு வில்லை எல்லாம் பொருத்திய பிறகு பைப்பை ஒரு உருட்டுக் கம்பியின்மேல் கிடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். மூடிகள் அந்தக் கோட்டில்தான் வர வேண்டும். விரற்கடை தவறினாலும் மூக்கு தொங்கும்.

நம் ஊருக்கு இந்தப் பெட்டி மிகவும் பொருந்துகிறது. நட்சத்திரத்தின் போக்கைத் தானாகத் தொடரும் ஈக்வடோரியல் தாங்கியின் அச்சு, துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தின் அட்சரேகை சுமார் 10.9 பாகை என்பதால் அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் செய்த தாங்கிகள் பல அவ்வளவு தாழாது. துருவ நட்சத்திரமும் எளிதில் அகப்படாது. சுமார் 72 மீட்டர் ராஜகோபுரத்துக்கு நேர் தெற்கே ஏறத்தாழ 375 மீட்டர் தள்ளி நின்றால், அது கலசத்தின் உயரத்தில்தான் இருக்கும். அதைவிட நெருங்கினால் கோபுரம் மறைத்துவிடும்.

இந்தத் தாழ்ந்த அச்சையே வரமாக்கிய இடம் ஊட்டி. 1970இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி எழுப்பியபோது, அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 பாகை, சாய்ந்த மலைச்சரிவைத் தேர்ந்தார்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஆன்டெனா அந்தச் சரிவில் வடக்கு தெற்காகக் கிடக்க, அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு வானப் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். மலையையே தாங்கியாக்கிய யோசனை அது.

மொட்டை மாடியில் மலை இல்லை, அதனால் பெட்டியைக் கையால்தான் தள்ள வேண்டும். 4 நிமிஷத்துக்கு ஒரு பாகை வானம் நகரும். அரை பாகை காட்சிவட்டத்தில் நட்சத்திரம் இரண்டு நிமிஷம் தங்கும். கை இதற்குச் சீக்கிரம் பழகிவிடும்.

ஒரு குறை உண்டு, அதுவும் நமக்கே அதிகம். நேர் உச்சியில் இருப்பதை இந்தப் பெட்டியால் தொடர்வது கஷ்டம், ஏனென்றால் அங்கே இடம் வலம் திருப்பினாலும் குழாய் நின்ற இடத்திலேயே சுழலும். பங்குனி முன்னிரவில் மகம் நம் தலைக்கு மேல் ஒரு பாகை தள்ளித்தான் போகிறது. திருவாதிரை மூன்று, நான்கு பாகை. வியாழனும் சனியும் சில ஆண்டுகளில் அதே வழியில் வரும். உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பார்த்துக்கொள்ளலாம். பொறுக்காவிட்டால் தரைப்பலகையின் தெற்கு ஓரத்தில் ஒரு செங்கல்லைக் கொடுத்து, பெட்டி கவிழாத அளவுக்குத் தூக்கிவிட வேண்டும். சிக்கலான இடம் உச்சியிலிருந்து வடக்கே நகர்ந்துவிடும், மகம் தாராளமாகக் கைக்குள் வரும்.