முக ஒற்றைத் தலைவலியின் வரலாறு

முக ஒற்றைத் தலைவலி என்பது தலையில் வலி இன்றி, கன்னம், தாடை, ஈறு, பற்கள் ஆகிய இடங்களில் மட்டும் வலியாக வெளிப்படும் ஒற்றைத் தலைவலி ஆகும். இது அரிதானது. தலை வலிக்காத ஒன்றைத் தலைவலி என்று ஏற்க மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது.

இதற்குப் பெயரும் ஒரு காரணம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென் இந்நோயை 'ஹெமிக்ரேனியா', அதாவது பாதி மண்டை, என்று குறித்தார். 'மைக்ரேன்' என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது. தமிழ்ப் பெயரும் தலையையே சுட்டுகிறது. எனவே வாயில் வலி என்று வந்தவர்களிடம் பற்களே முதலில் சந்தேகிக்கப்பட்டன.

பல்லைப் பிடுங்கியும் தீராத முகவலி பற்றிய பழைய பதிவுகளுள் ஒன்று 1677-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மருத்துவம் பயின்ற மெய்யியலாளர் ஜான் லாக், பாரிசில் ஆங்கிலேயத் தூதரின் மனைவியான நார்தம்பர்லாந்து சீமாட்டிக்குச் சிகிச்சை அளித்தார். அவருக்கு அதற்கு முன்பே பற்கள் பிடுங்கப்பட்டிருந்தன, வலி குறையவில்லை. அவருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி அன்று, முப்பெருநரம்பு வலி என இன்று கருதப்படுகிறது. மின்னல்போல் சில நொடிகள் வெட்டும் அவ்வலியை 1773-இல் இலண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் விரிவாக விவரித்தார்.

நொடிக்கணக்கில் வரும் வலிக்கு இவ்வாறு அடையாளம் கிடைத்தது. மணிக்கணக்கில் துடித்து, குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து வரும் முகவலிக்கு அது கிடைக்கவில்லை. 1908-இல் அமெரிக்க மருத்துவர் கிரீன்ஃபீல்ட் ஸ்லூடர், மூக்கின் பின்புறமுள்ள நரம்பு முடிச்சே முகத்தின் கீழ்ப்பாதி வலிக்குக் காரணம் என்று கருதி, மூக்கினுள் கோக்கைன் தடவினார். 'கீழ்ப்பாதித் தலைவலி' என்ற பெயரும் வழக்கில் வந்தது. அப்பெயரில் பல வேறுபட்ட நோய்கள் ஒன்றாகக் குவிந்ததால் தெளிவைவிடக் குழப்பமே மிகுந்தது.

தெளிவு நரம்பியலிலிருந்து வந்தது. முப்பெருநரம்பின் மூன்று கிளைகளில் முதலாவது நெற்றிக்கும் கண்ணுக்கும், மற்ற இரண்டும் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் செல்கின்றன. ஒற்றைத் தலைவலியில் இந்நரம்புக்கும் மூளையுறையின் குருதிக்குழாய்களுக்கும் உள்ள தொடர்பை 1979-இல் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் முன்வைத்தார். நெற்றியில் உணரப்படும் வலி தாடையிலும் உணரப்படலாம் என்பதை இந்த அமைப்பு விளங்க வைக்கிறது. 1990-களில் டிரிப்டான் மருந்துகள் பரவியபின், சிலரது முகவலியும் அவற்றால் தணிவது கவனிக்கப்பட்டது.

இருப்பினும் 2018-இல் வெளியான பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு, இத்தகையோர் தனிப் பிரிவினர் என்பதற்குச் சான்றில்லை என்றே குறிப்பிட்டது. 2020-இல் வந்த வாய்முக வலிகளுக்கான முதல் பன்னாட்டு வகைப்பாடுதான் இதற்குத் தனித் தலைப்பு அளித்தது. அதன்படி வலி முகத்திலோ வாயினுள்ளோ இருக்க வேண்டும், தலையில் இருக்கக் கூடாது; சிகிச்சை இன்றி 4 முதல் 72 மணி நேரம் நீடிக்க வேண்டும். பல் நோய் உள்ளிட்ட வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இப்பெயர் இடப்படும்.