கிராமியக் காதல் திரைப்படம்

கிராமியக் காதல் திரைப்படம் என்பது உழவர், மேய்ப்பர் வாழும் ஊர்களைக் களமாகக் கொண்டு காதலைச் சொல்லும் திரைப்பட வகை. சாதி, சொத்து, பஞ்சாயத்துக் கட்டுப்பாடு ஆகியன இதில் பெரும்பாலும் காதலுக்குத் தடையாக அமையும். தமிழில் இவ்வகையின் திருப்புமுனை பாரதிராஜாவின் முதல் படமான ‘16 வயதினிலே’ (1977). எஸ். ஏ. ராஜ்கண்ணு தயாரித்த இப்படம் அரங்கச் செட்டுகளை விட்டுக் கிராமத்து வெளியிலேயே படமாக்கப்பட்டது. கமல்ஹாசன் கோவணத்துடன், வெற்றிலைக் காவி படிந்த வாயுடன், விந்தி நடக்கும் சப்பாணியாக நடித்தார். அன்றைய கதாநாயக இலக்கணத்துக்கு இது நேர்மாறு. ‘முதல் மரியாதை’ (1985) நடுவயது ஆணுக்கும் இளம் பெண்ணுக்கும் இடையிலான காதலைக் கையாண்டது. ‘பூ’ (2008) ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையிலிருந்து உருவானது. பிரிட்டனில் இவ்வகைக்கு இணையான சிறுமுதலீட்டுப் படம் யார்க்‌ஷயர் ஆட்டுப்பண்ணையில் நிகழும் ‘காட்ஸ் ஓன் கன்ட்ரி’ (2017). இதன் இயக்குநர் பிரான்சிஸ் லீ.