தொலைக்காட்சி அனுமதிப்பத்திரக் கட்டணம்

தொலைக்காட்சி அனுமதிப்பத்திரக் கட்டணம் என்பது, பொதுச்சேவை ஒளிபரப்புக்கு (அதாவது இலாப நோக்கின்றி மக்கள் நலனுக்காக நடத்தப்படும் ஒளிபரப்புக்கு) நிதி திரட்டுவதற்காக, தொலைக்காட்சி பார்க்கும் வீட்டாரிடமிருந்து சட்டப்படி அறவிடப்படும் தொகையாகும்.

பிரித்தானியாவில் 1946இல் அறிமுகமான இக்கட்டணத்தை, இந்தியா 1980களின் நடுப்பகுதியிலும் சிங்கப்பூர் 2011இலும் கைவிட்டன. இலங்கையில் 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம், அரசுடைமை நிறுவனமாக இருந்தும் விளம்பர வருவாயையும் நாடுகிறது.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையைப் போன்று, விளம்பரச் சந்தை சிறிதாகவுள்ள சமூகங்களுக்கான நிகழ்ச்சிகளை அனுமதிப்பத்திரக் கட்டண நிதி நிலைநிறுத்தும் என்பது ஆதரவாளர் வாதமாகும். வருமான வேறுபாடின்றி ஒரே தொகை அறவிடப்பட்டால், கல்முனைக் கரையோர மீனவர், மருதமுனை நெசவாளர் போன்ற நிலையற்ற வருமானமுடையோரின் சுமை கூடும் என்பது எதிர்வாதமாகும்.